மருத்துவரின் கையெழுத்தும் நிர்வாகத்தின் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனியார் மருத்துவமனைகளின் கட்டணம் குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையையும், அதையொட்டி வாசகர்கள் எழுதிய கடிதங்களையும் படித்தேன். பெரும்பாலான கடிதங்கள் மருத்துவர்களின் பேராசையைச் சாடியிருந்தன. மருத்துவர் ஒருவர் எழுதியிருந்த மறுப்போ நோயாளிகளின் சந்தேக மனப்பான்மையைச் சாடியிருந்தது. இந்த இருவருக்கும் நடுவே அமர்ந்து கணக்குப் பார்க்கும் மூன்றாமவரான மருத்துவமனை நிர்வாகத்தைப் பற்றி எவரும் எழுதவில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பணியாற்றி ஓய்வுபெற்று, அதன்பின் சில ஆண்டுகள் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் பொது மருத்துவராக இருந்தவன் என்ற முறையில், அந்த மூன்றாமவரைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத அனுமதி வேண்டுகிறேன்.

பெரிய தனியார் மருத்துவமனைகளில் மாதம் ஒருமுறை மருத்துவர்களை அழைத்து ஆய்வுக் கூட்டம் நடத்துவது வழக்கமாகிவிட்டது. நான் பணியாற்றிய இடத்திலும் அது நடந்தது. சுவரில் ஓர் எக்செல் அட்டவணையைத் திரையிடுவார்கள். ஒவ்வொரு மருத்துவரின் பெயருக்கும் நேரே, அந்த மாதம் அவர் பார்த்த புறநோயாளிகள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை விழுக்காட்டினர் உள்நோயாளிகளாகச் சேர்க்கப்பட்டனர், அவர் எழுதிய ஆய்வகப் பரிசோதனை, ஸ்கேன், மருந்து ஆகியவற்றால் வந்த வருமானம் எவ்வளவு, அவருக்கு வைத்திருந்த டார்கெட் எவ்வளவு, அதில் விழுந்த குறைவு எவ்வளவு என்று கட்டம் கட்டமாக இருக்கும். குறைவு சிவப்பு நிறத்தில் தெரியும். புறநோயாளி உள்நோயாளியாகும் விழுக்காட்டுக்கு அங்கே ‘கன்வர்ஷன்’ என்று பெயர். குணமாகி வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேர், போன ஒரு வாரத்துக்குள் அதே தொல்லையோடு திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர், அறுவைக்குப் பின் புண்ணில் சீழ் வைத்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கெல்லாம் அந்த அட்டவணையில் கட்டமே கிடையாது.

கூட்டத்தை நடத்தியவர் எம்.பி.ஏ. படித்த இளைஞர், அவருடைய மரியாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. “சார், போன மாசத்தைவிட உங்க கன்வர்ஷன் கொஞ்சம் குறைஞ்சிருக்கு, என்ன காரணம்னு பார்க்கலாமா?” என்பதற்கு மேல் அவர் எதையும் கேட்டதில்லை. தேவையில்லாதவரை அட்மிட் செய்யுங்கள் என்று அங்கே எந்த நிர்வாகியும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எழுதித் தந்ததும் இல்லை. சொல்லாமலே நடந்தேறும்படி ஏற்பாடு அமைந்திருந்தது.

எப்படி என்று கேட்கலாம். குடல்வால் வெடித்துவிட்டது என்றால் அறுவை செய்தாக வேண்டும். வெறும் சளிக்காய்ச்சல் என்றால் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பியாக வேண்டும். இங்கெல்லாம் டார்கெட்டுக்கு வேலையில்லை. ஆனால் ஒரு பொது மருத்துவரின் அறைக்கு வருபவர்களில் பலர் இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடைப்பட்டவர்கள். நாற்பது வயதுக்காரர் ஒருவர் நெஞ்சைப் பிசைவதுபோல் இருக்கிறது என்று வருகிறார். இ.சி.ஜி. சீராக இருக்கிறது. இதயத் தசை பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் கூடும் டிரோபோனின் என்ற புரதம் உயரவில்லை. சில மணி நேரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்தாலும் உயரவில்லை. சர்க்கரை இல்லை, புகைப்பழக்கம் இல்லை, குடும்பத்தில் இளவயது மாரடைப்பும் இல்லை. அவருக்குத் தைரியம் சொல்லி அனுப்பி, அடுத்த ஓரிரு நாளில் டிரெட்மில் பரிசோதனைக்கு வரச் சொல்வதும் முறையான மருத்துவம்தான். ஓர் இரவு வைத்துப் பார்ப்பதும் முறையான மருத்துவம்தான். இரண்டில் எதைச் செய்தாலும் பாடநூலும் குறை சொல்லாது, மருத்துவக் கவுன்சிலும் குறை சொல்லாது. அத்தகைய இடத்தில் மருத்துவரின் பேனாவை ஒரு பக்கமாகச் சாய்க்க மிகச் சிறிய விசை போதும். அட்டவணையின் சிவப்புக் கட்டம் அந்த விசையைத் தருகிறது. பிற்பாடு எவர் விசாரித்தாலும் கேஸ் ஷீட்டில் இருப்பது மருத்துவரின் முடிவும் மருத்துவரின் கையெழுத்தும் மட்டுமே.

சம்பள ஏற்பாடு இதற்கு இன்னும் வலுச் சேர்க்கிறது. புதிதாகச் சேரும் சிறப்பு மருத்துவருக்குப் பல இடங்களில் முதல் ஓராண்டோ ஈராண்டோ ‘எம்.ஜி.’ எனப்படும் குறைந்தபட்ச உறுதித்தொகை தருவார்கள். அந்தக் காலம் முடிந்ததும், அவர் மூலம் வரும் பில் தொகையில் ஒரு பங்குதான் அவருடைய வருமானம். நிர்வாக ஒதுக்கீட்டில் முதுநிலைப் படிப்புக்கு இடம் வாங்கி, அந்தக் கடனுக்கு இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு, எம்.ஜி. முடிந்த அடுத்த மாதம் எப்படிப்பட்ட மாதமாக இருக்கும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம். அவர்மீது எனக்குப் பரிவு உண்டு; அவர் தேவையின்றி அட்மிட் செய்யும் நோயாளியின்மீது அதைவிட அதிகப் பரிவு உண்டு. சிறிய நர்சிங் ஹோம்களிலும் கமிஷன் உண்டே, அங்கே எம்.பி.ஏ.க்கள் இல்லையே என்று சிலர் கேட்பார்கள். உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் அது தவறு என்று செய்பவருக்கும் வாங்குபவருக்கும் தெரியும். ஆகவே மறைவில் நடக்கிறது. இங்கே அதே காரியம் கூட்ட நிகழ்ச்சிநிரலில் ஒரு பொருளாக இடம்பெற்று, தேநீரும் பிஸ்கட்டும் பரிமாறப்பட்டு நடக்கிறது.

அதே மருத்துவரை எதிர்த்திசையில் இழுக்க இன்னொரு மேசையும் இருக்கிறது. காப்பீட்டு அட்டையோடு வந்த நோயாளி என்றால், அவரை உள்நோயாளியாகச் சேர்த்தது ஏன், புறநோயாளியாகவே பார்த்திருக்கலாகாதா என்று காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் டி.பி.ஏ. அலுவலகத்திலிருந்து கேள்வி வரும். கேட்பவர் நோயாளியின் முகத்தைப் பார்த்தவர் அல்லர். அவருக்கும் அவருடைய அலுவலகத்தில் ஓர் அட்டவணை இருக்கக்கூடும். கன்வர்ஷன் ஏன் குறைந்தது என்று ஒருவருக்கும், அட்மிஷன் எதற்கு என்று மற்றவருக்கும் ஒரே நாளில் விளக்கம் எழுதும் மருத்துவர், அந்த நேரத்தைக் கட்டிலருகே நிற்கும் நேரத்திலிருந்துதான் எடுத்தாக வேண்டும். நோயாளியும் இதில் அவதிப்படுகிறார்: காலை ரவுண்ட்ஸில் மருத்துவர் “வீட்டுக்குப் போகலாம்” என்று சொல்லிவிட்டுப் போனபின், வார்டிலிருந்து பார்மசி, பார்மசியிலிருந்து பில்லிங், பில்லிங்கிலிருந்து இன்சூரன்ஸ் மேசை என்று கோப்பு நகர்ந்து முடிய மாலையாகிவிடும். இறுதி பில் வந்த மூன்று மணி நேரத்துக்குள் டிஸ்சார்ஜுக்கு ஒப்புதல் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் காப்பீட்டு நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது நல்ல காரியம். ஆனால் மருத்துவமனைக்குள் கோப்பு நகரும் வேகத்துக்கு அந்த உத்தரவு பொருந்தாது.

இந்த நிலை ஒரே நாளில் வந்ததில்லை. 1983இல் சென்னையில் அப்பல்லோ தொடங்கப்பட்டபோது, பங்குதாரர்களின் முதலீட்டில் ஒரு கம்பெனியாக மருத்துவமனை நடத்துவது இந்தியாவுக்குப் புதிது. நாட்டை விட்டு வெளியே போய்ச் செய்துகொள்ள வேண்டியிருந்த சிகிச்சைகள் பல அதனாலும் அதைத் தொடர்ந்து வந்தவற்றாலும் இங்கேயே கிடைத்தன என்பதை மறுப்பவன் அல்லேன். 2000ஆம் ஆண்டு முதல் மருத்துவமனைத் துறையில் நூறு விழுக்காடு அன்னிய நேரடி முதலீட்டுக்கு வழி திறக்கப்பட்டது. 2023இல் சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான டெமாசெக், மணிப்பால் மருத்துவமனைக் குழுமத்தின் பெரும்பான்மைப் பங்குகளைத் தன்வசமாக்கியது. அதே ஆண்டில் அமெரிக்காவின் பிளாக்ஸ்டோன் நிறுவனம், கேர் மருத்துவமனைகளை நடத்தும் நிறுவனத்தில் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. இவை சட்டப்படியான முதலீடுகளே. ஆனால் தனியார் முதலீட்டு நிதியங்களின் வழக்கமான கணக்கு, சில ஆண்டுகள் வைத்திருந்து, மதிப்பை உயர்த்தி, வேறொருவரிடம் விற்றுவிட்டு வெளியேறுவது. நோயாளிக்கும் மருத்துவருக்கும் உள்ள உறவோ தலைமுறைக் கணக்கு கொண்டது. என் புறநோயாளிப் பிரிவுக்குத் தாத்தாவின் பழைய சீட்டோடு பேரன் வந்ததுண்டு.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட மருத்துவமனை நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடும் முடிவுகளை எவரும் இணையத்தில் படிக்கலாம். அவற்றில் முன்னிறுத்தப்படும் எண்கள் பெரும்பாலும் இரண்டு: நோயாளி படுத்திருக்கும் ஒரு படுக்கைக்கு ஒரு நாளைய சராசரி வருவாய் எவ்வளவு என்பது ஒன்று, ஒரு நோயாளி சராசரியாக எத்தனை நாள் தங்குகிறார் என்பது மற்றொன்று. முதலாவது ஏற வேண்டும், இரண்டாவது இறங்க வேண்டும். காரணம் எளிது. அறுவை, ஸ்கேன், தீவிர சிகிச்சை என்று வருமானம் குவிவது முதல் ஓரிரு நாளில். அதன்பின் உடம்பு தேறும் நாட்களில் படுக்கை வாடகையும் இட்லியும்தான். தேறும் நாட்களைக் குறைத்து அடுத்தவருக்குப் படுக்கையைக் கொடுத்தால் எண்கள் அழகாகும். நீண்ட நாள் தங்குவதால் தொற்று வரும், விரைவில் வீடு திரும்புவது நல்லது என்ற மருத்துவக் காரணமும் உண்மைதான். சிக்கலே அங்கேதான் இருக்கிறது: மருத்துவத்துக்கு நல்லதும் கணக்குக்கு நல்லதும் பல நாட்கள் ஒரே சாலையில் போகின்றன; பிரியும் நாளில் மருத்துவர் எந்தப் பக்கம் திரும்பினார் என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவதில்லை.

இனி, செலவுக் குறைப்புக்கு வருகிறேன். வருமானத்தைக் கூட்டுவதைவிட நோயாளிக்கு அதிக ஆபத்தானது இதுதான் என்பது என் துணிபு. வரவேற்பறையின் பளிங்குத் தரையிலோ, நுழைவாயிலில் கோட் அணிந்து நிற்கும் பி.ஆர்.ஓ.க்களின் எண்ணிக்கையிலோ, நெடுஞ்சாலை விளம்பரப் பலகையிலோ சிக்கனம் செய்வதில்லை. சிக்கனம் நோயாளியின் கண்ணில் படாத இடங்களில் நடக்கிறது. அவற்றில் முதலாவது, இரவு நேர வார்டில் இருக்கும் செவிலியர்களின் எண்ணிக்கை.

மருத்துவம் படிக்காதவர்களுக்கும் புரியும் ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். காலை ரவுண்ட்ஸில் கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டையைப் பார்ப்போம். வெப்பநிலை, நாடி, இரத்த அழுத்தம், மூச்சு விடும் வேகம் ஆகியவை மணிக்கணக்குப்படி அதில் குறிக்கப்பட்டிருக்கும். மற்ற மூன்றுக்கும் கருவி உண்டு. விரலிலும் கையிலும் மாட்டினால் எண் வந்துவிடும். மூச்சை மட்டும் ஒரு முழு நிமிடம் நோயாளியின் மார்பைப் பார்த்து எண்ண வேண்டும். ஓர் இரவில் அளவுக்கு மீறிய படுக்கைகளைத் தனியாளாகப் பார்க்கும் செவிலியருக்கு அந்த நிமிடம் கிடைப்பதில்லை. ஆகவே அட்டைகளில் ‘18’ என்று இருக்கும். இரவு பத்து மணிக்கும் 18, இரண்டு மணிக்கும் 18, ஆறு மணிக்கும் 18. பக்கத்துக் கட்டிலுக்கும் 18. உடலில் நச்சுத் தொற்று பரவத் தொடங்கினால் பல நேரம் முதலில் மாறுவது மூச்சின் வேகம்தான். இரத்த அழுத்தம் இறங்குவது அதற்குப் பிறகு. குடல் அறுவை முடிந்து தேறிவருகிறார் என்று நாங்கள் நினைத்திருந்த ஒருவர் ஒரு நாள் காலையில் மூச்சிறைத்துக் கிடந்தார். அவருடைய அட்டையிலும் இரவு முழுவதும் 18தான். அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றிப் பிழைக்க வைத்தோம். அதன்பின் விளக்கம் கேட்டு மெமோ கொடுக்கப்பட்டது அந்தச் செவிலியருக்கு. அந்த ஷிஃப்டுக்கு ஒருவர் போதும் என்று முடிவெடுத்தவருக்கு எந்த மெமோவும் போகவில்லை.

செவிலியர்கள் நிலைக்காத இடத்தில் அனுபவம் சேராது. தனியார் மருத்துவமனைச் செவிலியர்களின் ஊதியத்தை ஆராய, உச்ச நீதிமன்றத்தின் வழிகாட்டலின்படி மத்திய அரசு 2016இல் அமைத்த குழு, 200 படுக்கைகளுக்கு மேல் உள்ள மருத்துவமனைகளில் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியமும், 50 படுக்கைகளுக்குக் குறைவான இடங்களிலும் குறைந்தது 20,000 ரூபாயும் வழங்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. எனக்குத் தெரிந்த செவிலியர்களில் பலர் அதன் பின்னரும் அந்தத் தொகையைக் கண்ணால் பார்த்ததில்லை. ஓரிரு ஆண்டு வேலை கற்றுக்கொண்டதும் வளைகுடாவுக்கோ பிரிட்டனுக்கோ போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்த இடத்துக்குப் படிப்பு முடித்த கையோடு இன்னொரு பெண் வருகிறாள். சம்பளச் செலவு ஏறாமலே இருக்கிறது என்று நிர்வாகம் மகிழ்கிறது.

இரவுப் பணி மருத்துவரின் கதையும் இதே போன்றதுதான். வெளியே பலகையில் இருக்கும் நிபுணர்களின் பெயர்களைப் பார்த்துச் சேரும் நோயாளிக்கு, இரவு இரண்டு மணிக்குத் தன் கட்டிலுக்கு வருபவர் யார் என்று தெரியாது. எம்.பி.பி.எஸ். படித்தவருக்குத் தரும் சம்பளத்தை மிச்சப்படுத்த, சித்த மருத்துவமோ ஹோமியோபதியோ படித்தவரை ட்யூட்டி டாக்டராக அமர்த்தும் வழக்கம் இத்துறையில் உள்ள எவருக்கும் தெரியும். அந்தப் படிப்புகளை நான் இழிவாகக் கருதவில்லை. அவர்கள் பயிலாத ஒரு மருத்துவத்தை, அதுவும் நள்ளிரவில், அவர்கள் தலையில் சுமத்துவது அவர்களுக்கும் செய்யும் அநீதி. ஆய்வகத்தை வெளி நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, சோடியம், பொட்டாசியம் முடிவுக்காக மணிக்கணக்கில் காத்திருப்பது, துப்புரவுப் பணியை அடிக்கடி ஆள் மாறும் ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைப்பது என்று இந்தப் பட்டியல் நீளும்.

மருந்திலும் கருவியிலும் நடப்பது பலருக்கும் ஓரளவு தெரிந்ததே என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேல் விற்கப்பட்டுவந்த மருந்து பூசிய இதய ஸ்டென்ட்டுக்கு, தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 பிப்ரவரியில் 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்தது. அதே ஆணையம் அடுத்த ஆண்டு, தில்லி வட்டாரத்தின் நான்கு பெரிய தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்து, மருந்துகளிலும் ஊசி, குழாய் போன்ற பொருள்களிலும் 1,737 விழுக்காடு வரை லாபம் வைக்கப்பட்டிருந்ததாக அறிக்கை வெளியிட்டது. உறையில் அச்சிட்ட விலை உயர்வதால் அதிகம் பயனடைவது தயாரிப்பாளரைவிட மருத்துவமனையே என்பதும் அதில் இருந்தது. எந்த நிறுவனத்தின் மருந்தை பார்மசியில் வைப்பது என்பதைக் கொள்முதல் பிரிவு தீர்மானிக்கிறது. இருப்பதைத்தான் மருத்துவர் எழுத முடியும். சீட்டில் இருப்பதோ அவருடைய பெயர். மருத்துவமனைப் பார்மசியிலேயே வாங்கக் கட்டாயப்படுத்துவது பற்றிய வழக்கில், இதற்கான கொள்கையை மாநில அரசுகளே வகுக்கட்டும் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழக அரசின் மேசையில் அந்தப் பந்து கிடக்கிறது.

செலவுக் குறைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, லாப நோக்கமே இல்லாத ஓர் அரசு மருத்துவமனையின் அனுபவம் பதிவாகியிருக்கிறது. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட் நகர மருத்துவமனையை நடத்திய மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் அறக்கட்டளை, நிதித் தன்னாட்சி பெற்ற அறக்கட்டளை என்ற தகுதியை அடையும் முனைப்பில், 2006-07 நிதியாண்டில் ஒரு கோடி பவுண்டு மிச்சப்படுத்த முடிவெடுத்து 150க்கும் மேற்பட்ட பணியிடங்களை ஒழித்தது. அவசரப் பிரிவுக்கு வருபவரில் யாரை முதலில் பார்ப்பது என்பதை மருத்துவப் பயிற்சி இல்லாத வரவேற்பு ஊழியர்கள் தீர்மானிக்கும் நிலை அங்கே இருந்ததாக, 2009இல் வெளியான ஒழுங்குமுறை ஆணையத்தின் அறிக்கை கூறியது. இவ்வளவுக்கும் இடையில், 2008 பிப்ரவரியில் அந்த நிறுவனத்துக்கு அது விரும்பிய தகுதி வழங்கப்பட்டிருந்தது. ஏனெனில் தகுதி வழங்கியவர்கள் பார்த்தது வரவு செலவுக் கணக்கை. ராபர்ட் ஃபிரான்சிஸ் தலைமையிலான பொது விசாரணையின் இறுதி அறிக்கை 2013இல் 290 பரிந்துரைகளோடு வந்தது. அங்கே பங்குதாரர் இல்லை, டிவிடெண்டு இல்லை. இருந்தும் அளவுகோல் தவறாக இருந்ததால் நோயாளிகள் துன்புற்றார்கள். ஆகவே தனியார் என்பதால் மட்டும் கெட்டது, அரசு என்பதால் மட்டும் நல்லது என்று நான் வாதிடவில்லை.

நம் அரசும் இதே பாதையில் சில அடிகள் நடந்திருக்கிறது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் போட்டித் தேர்வில் தேர்ச்சி பெற்ற செவிலியர்கள் 2015இல் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டார்கள். பிற்பாடு அது உயர்த்தப்பட்டாலும், நிரந்தரப் பணி கேட்டு அவர்கள் தெருவில் அமர வேண்டியிருந்ததைத் தங்கள் நாளிதழ் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏழைகளுக்குப் பெரும் வரம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் நிர்ணயித்த பேக்கேஜ் தொகை கட்டுப்படியாகவில்லை என்று சொல்லும் மருத்துவமனை, வெளிப்படையாக விலகிக்கொள்வதற்குப் பதிலாக, அந்த நோயாளிக்கான செவிலியர் நேரத்திலும் பொருளின் தரத்திலும் கைவைக்க இடமிருக்கிறது.

சிக்கனமே கூடாது, நிர்வாகமே வேண்டாம் என்று சொல்பவன் என்று என்னை எவரும் எண்ணிவிடக் கூடாது. அந்தந்த இடத்தில் மருந்து வாங்கி, பாதி நாள் இருப்பு இல்லாமல் கிடந்த அரசு மருத்துவமனைகளை நான் இளவயதில் பார்த்திருக்கிறேன். 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைக்கப்பட்டு, மாநிலம் முழுமைக்கும் ஒரே ஒப்பந்தப்புள்ளியில், நிறுவனத்தின் வணிகப் பெயரில் அல்லாமல் மருந்தின் மூலப்பெயரில், மொத்தமாக வாங்கி, ஒவ்வொரு தொகுதி மருந்தையும் ஆய்வகத்தில் சோதித்த பின்னரே மாவட்டக் கிடங்குகளிலிருந்து அனுப்பும் முறை வந்தபின் நிலைமை எவ்வளவு மாறியது என்பதை அக்காலத்து மருத்துவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மருத்துவமனைக்கு ஒரு பாஸ்புக் கொடுத்து, அதில் உள்ள தொகைக்குள் தேவையானதைத் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். கேரளமும் ராஜஸ்தானும் பிற்பாடு அதே வழியில் கழகங்கள் அமைத்தன. நிர்வாகத்தின் சாதனை என்று நான் மனமாரச் சொல்வது இதைத்தான்.

மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபின், 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும் அப்படித்தான். ஓர் அறுவை மருத்துவருக்கு இரண்டு மேசைகள்: ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்தவரைத் தயார் செய்துவிடுவார்கள். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்து, மருத்துவர் மட்டுமே செய்ய வேண்டியதைத் தவிர மற்றதையெல்லாம் அவர்களிடம் ஒப்படைத்தார்கள். இறக்குமதி லென்ஸின் விலை ஏழைக்கு எட்டவில்லை என்றதும் 1992இல் ஆரோலேப் அமைத்துத் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். மேலாண்மைக் கல்லூரிகள் பாடமாக வைக்கும் சிக்கனம் அது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நொடி நொடியாக மிச்சம்பிடித்ததன் பலன் கட்டணம் செலுத்த இயலாத அடுத்த நோயாளிக்குப் போயிற்று, எதை மிச்சம்பிடிக்கலாம், எதில் கைவைக்கக் கூடாது என்பதை முடிவு செய்தவர்கள் தாங்களே கத்தி பிடித்தவர்கள், அறுவைக்குப் பின் பார்வை எவ்வளவு தேறியது, தொற்று வந்ததா என்பதும் அவர்கள் கணக்கில் ஒரு கட்டமாக இருந்தது.

இப்போது சட்டத்தின் பக்கம் பார்ப்போம். பணம் பெற்றுச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தவறு நேர்ந்தால் மருத்துவமனையோடு மருத்துவரும் பதில் சொல்ல வேண்டும். 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள், நோயாளியை அனுப்பியதற்குக் கமிஷன் தருவதையும் வாங்குவதையும் தடை செய்கின்றன. தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட்டில் வெளியிட்ட புதிய விதிகள் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டுவிட்டதால், அந்தப் பழைய விதிகளே இன்றும் நடைமுறையில் இருக்கின்றன. மீறினால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் ஒரு மருத்துவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம். ஆனால் அந்த மருத்துவருக்கு டார்கெட் வைத்தவர் மருத்துவர் அல்லர் என்றால், அவர் கவுன்சிலின் வரம்புக்குள் வருவதே இல்லை. நிறுவனத்தை ஒழுங்குபடுத்த 1997இல் நம் மாநிலம் இயற்றிய மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு விதிகள் 2018இல்தான் வந்தன. அவையும் இடம், கருவி, ஆள் ஆகியவற்றின் குறைந்தபட்ச அளவைப் பார்ப்பவை. நிர்வாகம் மருத்துவருக்கு என்ன கட்டளையிடுகிறது என்பதைக் கேட்கும் அதிகாரி எங்கும் இல்லை. பில் தொகையைக் கண்டு ஆத்திரமடைந்த உறவினர் கைநீட்டுவதும் எதிரில் நிற்கும் ட்யூட்டி டாக்டரிடமும் செவிலியரிடமும்தான். விலையை நிர்ணயித்தவர் வேறு தளத்தில், அல்லது வேறு ஊரில், அல்லது வேறு நாட்டில் இருக்கிறார். மருத்துவர் சங்கங்கள் இதைப் பற்றி உரக்கப் பேசும் என்ற நம்பிக்கையும் எனக்கு அதிகம் இல்லை. சம்பளம் வாங்கும் மருத்துவரும் மருத்துவமனை நடத்தும் மருத்துவரும் ஒரே சங்கத்தில் உறுப்பினர்கள்.

ஆகவே சுகாதாரத் துறைக்கு என் கோரிக்கை, 2018ஆம் ஆண்டு விதிகளைத் திருத்த வேண்டும் என்பதே. அட்மிஷன், பரிசோதனை, மருந்து விற்பனை ஆகியவற்றின் எண்ணிக்கையையோ தொகையையோ வைத்து மருத்துவரின் ஊதியத்தை நிர்ணயிக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று அதில் சேர்க்க வேண்டும். செய்த அறுவைக்கும் பார்த்த நோயாளிக்கும் கட்டணம் பெறுவதை நான் ஆட்சேபிக்கவில்லை. எழுதிய ஸ்கேனுக்கும் விற்ற மாத்திரைக்கும் பங்கு பெறுவதையே ஆட்சேபிக்கிறேன். பதிவைப் புதுப்பிக்கும்போது மருத்துவர்களுடன் செய்துகொண்ட ஒப்பந்தங்களின் படிவத்தை மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடம் தாக்கல் செய்யச் சொல்வதற்குப் பெரிய செலவு ஆகாது. ஒவ்வொரு வார்டின் வாசலிலும், அந்த ஷிஃப்டில் எத்தனை நோயாளிகளுக்கு எத்தனை செவிலியர்கள், பணியில் இருக்கும் மருத்துவரின் பெயரும் படிப்பும் என்ன என்பதைத் தமிழில் எழுதி வைக்கச் செய்ய வேண்டும். பங்குதாரர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை படுக்கை வருவாயைச் சொல்ல முடிகிற நிறுவனத்துக்கு, அறுவைக்குப் பிந்தைய தொற்றையும், திரும்பி வந்து சேர்ந்தவர்களின் எண்ணிக்கையையும் அதே கால இடைவெளியில் அரசுக்குச் சொல்வது இயலாத காரியம் அன்று.

விதிமீறல் நடந்தால் மருத்துவரை மட்டும் அழைக்காமல், அந்த மாதத்து ஆய்வுக் கூட்டத்தின் அட்டவணையையும் அதைத் தயாரித்தவரையும் வரவழைக்கும் அதிகாரம் இணை இயக்குநருக்கு வழங்கப்பட வேண்டும். மற்றவற்றுக்குக் காலம் பிடிக்கும் என்றால், இந்த ஓர் அதிகாரத்தையாவது முதலில் அரசாணையாக வெளியிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொது மருத்துவர்,
திருச்சிராப்பள்ளி.